நால்வர் என்று போட்டுவிட்டு ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சாக்ஸபோன் மேதை வெய்ன் ஷார்ட்டரின் ‘வித்தவுட் எ நெட்’ ஆல்பத்தைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் ஜாஸுக்கு அரைப் பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். சொல்லியாயிற்று. இனி சண்டை.

தலைப்பிலேயே ‘ஷார்ட்டரும் அவருடைய நால்வர் குழுவும்’ என்று இருந்தது. அவரையும் சேர்த்துத்தான் ஐயா நால்வர். அவர் தனி, நால்வர் தனி என்றால் ஐந்து பேர் ஆகிவிடும். அது போகட்டும், அவசரத்தில் நழுவியது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்த்துவிட்டேன், மற்ற மூன்று பேரின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஷார்ட்டர் எங்கே பிறந்தார், யார் யாரோடு வாசித்தார், என்னென்ன விருது வாங்கினார் எல்லாம் இருக்கிறது, பியானோ வாசித்தது யார் என்பது இல்லை. அப்புறம் அந்த ஒரு வரி, ‘முதுமையின் அமைதி ததும்பும் இசை’. அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதியவர் ஆல்பத்தைக் கேட்டாரா, இல்லை அவருடைய வயதைப் பார்த்துவிட்டு இப்படித்தான் இருக்கும் என்று எழுதினாரா?

தகவல் பிழைகளை முதலில் முடித்துவிடுகிறேன். படத்துக்குக் கீழே கிளாரினெட் என்று போட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் அவர் கிளாரினெட்டில்தான் ஆரம்பித்தார் என்பது உண்மை, ஆனால் படத்தில் அவர் கையில் இருப்பது சொப்ரானோ சாக்ஸபோன், வளைவில்லாமல் நேராக இருப்பதால் பலரும் ஏமாறுவது வழக்கம்தான். ஆல்பம் ஸ்டுடியோவில் பதிவானது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இல்லை, பெரும்பகுதி 2011-ல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனபோது மேடையில் வாசித்தது, ‘பெகாசஸ்’ என்கிற நீளமான உருப்படி மட்டும் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள வால்ட் டிஸ்னி அரங்கில் வாசித்தது, அதுவும் மேடைதான். புளூ நோட் என்கிற இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஷார்ட்டர் செய்த முதல் ஆல்பம் என்கிறார். அதுவும் தப்பு. 1964-லிருந்து சில வருஷங்கள் அங்கேதான் வரிசையாக ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தார், அப்புறம் விலகிப் போனவர் 43 வருஷம் கழித்து 2013 பிப்ரவரியில் இதோடு திரும்பி வந்தார். அப்போது அவருக்கு 79 வயது.

கிளாரினெட்டையும் புளூ நோட்டையும் விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மேடைப் பதிவு என்பதை விட்டால் மட்டும் ஆல்பமே கையை விட்டுப் போய்விடும், ஏனென்றால் அதன் பெயரே அதைத்தான் சொல்கிறது. கீழே வலை கட்டாமல் என்று அர்த்தம். கழைக்கூத்தாடிக்கு யார் எப்போது வலை கட்டினார்கள்? கயிறு, கையில் ஒரு கம்பு, கீழே தரை. ஸ்டுடியோ என்றால் பிசகிய இடத்தை இன்னொரு தடவை வாசித்து ஒட்டிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது, பிசகினால் அதையே அடுத்த அடியாக மாற்றிக்கொண்டு மேலே நடக்க வேண்டியதுதான். இந்த நான்கு பேரும் அதைத்தான் செய்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கும்போதே நமக்குத் தெரிகிறது.

சரி, அந்த ‘அமைதி’க்கு வருவோம். முதல் உருப்படி ‘ஆர்பிட்ஸ்’. ஷார்ட்டர் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்த காலத்தில் எழுதியது. 1966 அக்டோபரில் ‘மைல்ஸ் ஸ்மைல்ஸ்’ ஆல்பத்துக்காக அவர்கள் பதிவு செய்ததைக் கேட்டிருக்கிறீர்களா? ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். பியானோவில் இருந்த ஹெர்பி ஹான்காக் மற்றவர்களுக்குப் பின்னால் எதையும் வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், தன் முறை வந்தபோதும் வலது கையால் ஒற்றை ஒற்றை ஸ்வரமாகத்தான் வாசித்தார், அதனால் எல்லோரும் ஒரு வெட்டவெளியில் ஓடுகிற மாதிரி இருக்கும். அப்போது ஷார்ட்டருக்கு 33 வயது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து அதே உருப்படியை வேகத்தைக் குறைத்து எடுக்கிறார். பியானோவின் அடி ஸ்தாயியும் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியமும் சேர்ந்து கனமாக ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வைக்கின்றன. மேலே சொப்ரானோ வந்து இரண்டு மூன்று ஸ்வரம் வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. மறுபடி வருகிறது, முன்பு வைத்ததையே கொஞ்சம் கோணலாக வைக்கிறது, மறுபடி நிற்கிறது. ஏதோ யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நாம் சாய்ந்து உட்காரும் நேரம் பார்த்து, ஒரே மூச்சில் கிழித்துக்கொண்டு மேலே போகிறது பாருங்கள்.

வேகம் குறைந்திருக்கிறது, அதைத்தான் கட்டுரையாளர் அமைதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். தெருவில் ஓடி வருகிறவனைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளலாம், என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். இருட்டில் நின்று நின்று ஒவ்வொரு அடியாக வைத்து வருகிறவனைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். எனக்கு 1966 பதிவைவிட 2011 பதிவில்தான் முதுகு நிமிர்கிறது. இந்த வாசிப்புக்குத்தான் 2014 ஜனவரியில் சிறந்த ஜாஸ் சோலோவுக்கான கிராமி கொடுத்தார்கள், அதிலும் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு, ஏனென்றால் இந்தக் குழுவில் சோலோ என்பதே, அதாவது ஒருவர் தனித்து வாசிப்பதே, ஏறக்குறைய கிடையாது.

கட்டுரையில் சொல்லாமல் விட்டது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜாஸ் அமைப்பு எளிது. எல்லோரும் சேர்ந்து பாட்டின் மெட்டை வாசிப்பார்கள், அப்புறம் சாக்ஸபோன் ஒரு சுற்று, பியானோ ஒரு சுற்று, பாஸ், டிரம்ஸ் என்று முறை வைத்துத் தனித்தனியாக வாசிப்பார்கள், மற்றவர்கள் பின்னால் தாங்கிக்கொண்டிருப்பார்கள், கடைசியில் மறுபடி மெட்டு, கைதட்டல். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்தால் பாடகர் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி ஒரு ஒப்பந்தம். ஷார்ட்டர் குழு இந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டது. யாருடைய முறை என்று யாருக்கும் தெரியாது. சாக்ஸபோன் பேசிக்கொண்டிருக்கும்போதே பியானோ குறுக்கே புகுந்து பேச்சை மாற்றும், டிரம்ஸ் அதை ஏற்காது, பாஸ் நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணும். தெரியாத ஒன்றை எப்படி ஒத்திகை பார்ப்பது என்று ஷார்ட்டர் பேட்டிகளில் கேட்பாராம், ஜாஸ் என்ற சொல்லுக்கே தன் அகராதியில் ‘துணிந்து பார்’ என்றுதான் பொருள் என்றும் சொல்லியிருக்கிறார். கேட்கும்போது வெறும் வசனம் மாதிரி இருக்கும், ஆல்பத்தைப் போட்டால் அது வசனம் இல்லை என்று தெரியும்.

இது கிழவரான பிறகு வந்த ஞானமும் இல்லை. மைல்ஸ் குழுவுக்காக அவர் எழுதிய ‘நெஃபர்டிட்டி’யை 1967-ல் பதிவு செய்தபோது டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மெட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தன, சோலோ கிடையாது, கற்பனை முழுக்கப் பின்னால் இருந்த பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றிலும் நடந்தது. முன்வரிசையைப் பின்னால் தள்ளிப் பின்வரிசையை முன்னால் கொண்டுவந்த ஆள் அவர். அப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது பின்வரிசையின் பெயரையே போடாமல் விட்டால் அவருக்கே பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நானும் ஒன்றும் முதல் தடவையே விழுந்து கும்பிட்டவன் இல்லை. முதலில் கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த என் மகள், “அப்பா, இவங்க இன்னும் சுருதியே சேத்து முடிக்கலையா?” என்று கேட்டாள், எனக்கும் கிட்டத்தட்ட அதே சந்தேகம்தான். பிடித்துக்கொள்ள ஒரு மெட்டு இல்லை, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று புரியவில்லை. வழி பிடிபட்டது தற்செயலாகத்தான். ஒரு நாள் ராத்திரி ஹெட்ஃபோனில் போட்டுவிட்டு, களைப்பில் சாக்ஸபோனைப் பின்தொடர முடியாமல், சும்மா டிரம்ஸை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கதவு திறந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு உருப்படியையும் ஒவ்வொருவர் பின்னாலும் போய்க் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

டிரம்ஸ் பிரையன் பிளேடு. லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் என்கிற ஊர்க்காரர், அப்பா பாதிரியார், அவருடைய தேவாலயத்தில் டிரம்ஸ் வாசித்து வளர்ந்தவர். பாப் டிலனுக்கும் ஜோனி மிட்செலுக்கும்கூட வாசித்திருக்கிறார், பாட்டுக்குப் பின்னால் தலைகாட்டாமல் இருக்கவும் தெரிந்த கை அது. இந்த ஆல்பத்தில் அவர் பண்ணுவதைக் கவனியுங்கள். சில நேரம் அரை நிமிஷம் ஒன்றுமே செய்ய மாட்டார், சிம்பல் தட்டின் ஓரத்தைக் குச்சியின் நுனியால் கூசக் கூசத் தடவுவார், மழை வருமா வராதா என்கிற மாதிரி. திடீரென்று ஒரே ஒரு அடி. பரணிலிருந்து அண்டா விழுந்த மாதிரி, அறையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அடி. அதோடு விட்டுவிடுவார், தொடர மாட்டார், ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி தடவ ஆரம்பித்துவிடுவார். ஆனால் அந்த ஒரு அடியில் மற்ற மூன்று பேரும் வேறு பாட்டுக்குப் போயிருப்பார்கள். ஷார்ட்டர் அப்போது வாசித்துக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அந்த அடிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். சில இடங்களில் வாத்தியக்காரர்களே சத்தம் போட்டுவிடுகிறார்கள், அவர்களுக்கே நம்ப முடியவில்லை, அந்தக் குரலையும் வெட்டாமல் பதிவில் விட்டுவைத்திருக்கிறார்கள். அமைதி ததும்பும் இடத்தில் இப்படியா கத்துவார்கள்?

பாஸ் ஜான் பட்டிட்டூச்சி, பியானோ கலைஞர் சிக் கொரியாவின் குழுக்களில் பேர் வாங்கியவர். மற்றவர்கள் எங்கே பறந்தாலும் கால் வைக்க ஒரு இடம் அவரிடம் இருக்கும், அதைத் தவிர அவரைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது, நல்ல ஸ்பீக்கரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வாசிப்பு. பியானோ டனிலோ பெரெஸ், பனாமாக்காரர், இளம் வயதில் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் யுனைடெட் நேஷன்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவர். இவர்தான் குழுவின் குறும்புக்காரர் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் ஒரு இடத்தில் ஒன்றுசேர்ந்து நிம்மதியாக முடிக்கப்போகும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி சம்பந்தமில்லாத ஒரு கட்டையை அழுத்திவிடுவார், அவ்வளவுதான், முடிவு இன்னும் இரண்டு நிமிஷம் தள்ளிப்போய்விடும். இந்த நால்வரும் 2000-லிருந்து ஒன்றாக வாசித்தவர்கள், இந்த ஆல்பத்துக்கு முன்னாலேயே 2002-லும் 2005-லும் மேடைப் பதிவுகள் வந்திருக்கின்றன. பத்து வருஷத்துக்கு மேல் ஒருவரை ஒருவர் கேட்டுக்கேட்டுப் பழகியதால் வருகிற தைரியம் இது. புதிதாகச் சேர்ந்த நான்கு கெட்டிக்காரர்கள் இப்படி வாசித்தால் வெறும் சந்தைச் சத்தமாகிவிடும்.

‘பெகாசஸ்’ பற்றி உங்கள் கட்டுரையில் ‘சற்றே நீளமானது’ என்று ஒரு வரி. 23 நிமிஷம் ஐயா! நால்வரோடு இமானி விண்ட்ஸ் என்கிற காற்றுக்கருவி ஐவர் குழுவும் சேர்ந்துகொள்கிறது, ஃபுளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், பிரெஞ்சு ஹார்ன். (ஆக, கட்டுரையாளருக்கு வேண்டிய கிளாரினெட் கடைசியில் இங்கேதான் இருக்கிறது.) இந்த ஐவர் வாசிப்பது எழுதி வைத்த இசை, நால்வர் வாசிப்பது அந்த நிமிஷத்தில் பிறப்பது. இரண்டும் எண்ணெயும் தண்ணீருமாக நிற்கும் என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் எது எழுதியது எது எழுதாதது என்பதே பிடிபடவில்லை, காற்றுக்கருவிகள் ஒரு பெரிய கதவைத் தள்ளித் திறப்பது மாதிரி எழும்புகின்றன, அந்த இடைவெளியில் சொப்ரானோ பாய்கிறது. ஆனால் புதிதாகக் கேட்பவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம், திணறிவிடுவீர்கள். ‘ஆர்பிட்ஸ்’ ஐந்து நிமிஷம்கூட இல்லை, அதை நான்கு தடவை, ஒரு தடவைக்கு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அப்புறம் ‘பிளாசா ரியால்’. வெதர் ரிப்போர்ட் என்கிற குழுவில் ஷார்ட்டர் இருந்தபோது 1983-ல் வந்த பழைய உருப்படி, மெட்டு ஓரளவு பிடிபடும்.

எனக்குப் பிரியமானது ‘ஃபிளையிங் டவுன் டு ரியோ’. இதே பெயரில் 1933-ல் வந்த ஹாலிவுட் படத்தின் பாட்டு. ஷார்ட்டர் பிறந்ததும் அதே 1933-ல்தான், ஆகஸ்டில். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு சினிமாப் பாட்டை, ஏறக்குறைய எண்பது வயதில் எடுத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் பிய்த்துப் பிரித்து விளையாடுகிறார். பாட்டு எங்கே போயிற்று என்று தேடும்போது எட்டிப் பார்க்கும், மறுபடி ஒளிந்துகொள்ளும்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ‘ஜீரோ கிராவிட்டி’யில் நால்வரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு யாருமே உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்கிற மாதிரி ஒரு நேரம் வருகிறது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கயிற்றில் நடக்கிறவன் எல்லா நாளும் நடனமாட முடியாது, சும்மா தள்ளாடுகிற நிமிஷங்களும் இருக்கும். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் புகார் இல்லை, ஆனால் உங்கள் கட்டுரை ஒரு குறையும் சொல்லாமல் முழுக்கப் பூச்சொரிந்திருப்பதில் புகார் உண்டு. கேட்டவனுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் அலுக்கும், அதை எழுதினால்தான் கேட்டிருக்கிறார் என்று நம்பிக்கை வரும்.

ஷார்ட்டர் 2023 மார்ச் 2-ல், 89 வயதில் போய்விட்டார். மற்ற மூவரும் அவர் இருந்தபோதே, 2015-ல், ‘சில்ட்ரன் ஆஃப் தி லைட்’ என்று மூன்று பேராக ஒரு ஆல்பம் போட்டார்கள். அதைக் கேட்டால் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவைத்துவிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும், அதுவும் என் காதுக்குத்தான் அப்படிப் படுகிறதோ என்னவோ. அதைப் பற்றி அடுத்து ஒரு கட்டுரை போடுங்கள், சந்தோஷப்படுவேன். வயதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

அதற்கு முன்னால் வரும் ஞாயிறு, ஒரு மூலையில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் போதும். பியானோ டனிலோ பெரெஸ், பாஸ் ஜான் பட்டிட்டூச்சி, டிரம்ஸ் பிரையன் பிளேடு. மூன்றே பெயர், ஒரு வரியில் அடங்கிவிடும். பிளேடு என்றதும் அச்சில் யாராவது அறுவைக் கச்சேரி என்று நினைத்துத் தூக்கிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்தான் அப்படி, ஆள் அறுக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை முதலில் பிரிக்கும் ஒரு வாசகர்